வெயிட் குறைஞ்சது சரி, ரத்தம் ஏன் குறையுது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க சாப்பாட்டு முறை பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் எடுத்து வெச்சுப் பார்த்தா பாதிக்கு மேல சாப்பாட்டைப் பத்தியே இல்ல, எல்லாரும் லேப் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பிட்டு ஹீமோகுளோபின் இறங்கிடுச்சு, வெள்ளை அணு கம்மின்னு வந்திருக்கு, ப்ளேட்லெட் ஜாஸ்தின்னு வந்திருக்கு, இது என்ன டாக்டரம்மான்னு பயந்து போய் கேட்டிருக்கீங்க. அதனால இந்தத் தடவ முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். பேர் எதுவும் போடல, ஊர் மட்டும்.

கோவை வாசகி, வயது 46: 4 வருஷத்துக்கு முன்னாடி கேஸ்ட்ரிக் பைபாஸ் பண்ணிக்கிட்டேன். 112 கிலோ இருந்தேன், இப்ப 71. சுகர் மாத்திரை நிறுத்தியாச்சு, சந்தோஷமா இருந்தேன். 6 மாசமா ஒரே அசதி, மாடி ஏறினா மூச்சு வாங்குது. ஹீமோகுளோபின் 8.7, வெள்ளை அணு 2,400, ப்ளேட்லெட் 1.6 லட்சம். 3 மாசம் அயர்ன் மாத்திரை போட்டும் ஏறல. ஃபெரிட்டின் 140 நார்மல்ங்கறாங்க, மாசாமாசம் பி12 ஊசி போட்டுக்கறேன், அதுவும் நல்லாத்தான் இருக்கு. பாதம் ரெண்டும் மரத்த மாதிரி, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு. இப்ப எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுக்கணும், ரத்தப் புற்றுநோய்க்கு முந்தின நிலையா இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. ராத்திரி தூக்கமே வரல. வேற மாத்திரை எதுவும் இல்ல, முடி கொட்டுதுன்னு ஒன்றரை வருஷமா ஜிங்க் 50 மட்டும் போடறேன்.

பதில்: அம்மா, உங்க லெட்டர்ல எனக்கு முக்கியமாப் பட்டது அந்தக் கடைசி வரிதான். மஜ்ஜை டெஸ்ட்டுக்கு நாள் குறிக்கறதுக்கு முன்னாடி உங்க டாக்டர்கிட்ட போய் மூணு டெஸ்ட் எழுதிக் கேளுங்க: ரத்தத்துல காப்பர், செருலோபிளாஸ்மின் (காப்பரைச் சுமக்கற ஒரு புரதம்), ஜிங்க். காப்பர்னா நம்ம செம்புதான். ரொம்ப கொஞ்சமா, ஒரு நாளைக்கு ஒரு மில்லிகிராம் அளவுதான் நம்ம உடம்புக்கு வேணும், அதனாலதான் யாரும் அதை நினைச்சே பார்க்கறதில்ல. ஆனா அந்தக் கொஞ்சமும் இல்லன்னா மஜ்ஜையில ரத்தம் ஊறாது, முதல்ல சிவப்பணுவும் வெள்ளை அணுவும் குறையும், முத்திப் போனா ப்ளேட்லெட்டும் விழலாம்.

இது உங்களுக்கு ஏன் வந்திருக்கலாம்னு சொல்றேன். பைபாஸ்ல இரைப்பையோட மேல் பக்கம் ஒரு சின்னப் பை, சுமார் 30 மில்லி பிடிக்கற அளவு மட்டும் விட்டுட்டு அதை நேரா சிறுகுடலோட நடுவுல கொண்டு போய் இணைச்சுடுவாங்க. சாப்பாடு இரைப்பையோட பெரும்பகுதியையும் அதுக்கு அடுத்த டியோடினத்தையும் பார்க்காமலே போயிடும். காப்பரை உடம்பு உறிஞ்சறது முக்கியமா அந்த இடத்துலதான், இரும்பும் அங்கேதான். அதோட நீங்க போடற ஜிங்க் இருக்கே, அது குடல் செல்லுக்குள்ள மெட்டலோதயோனின்னு ஒரு புரதத்தை அதிகமா சுரக்க வைக்கும், அந்தப் புரதம் காப்பரை இறுக்கிப் பிடிச்சு வெச்சுக்கும், சில நாள்ல அந்த செல் உதிரும்போது காப்பரும் அதோடயே மலத்துல போயிடும். ஏற்கனவே பாதி வழி அடைச்ச வீட்டுக்கு மீதி வழியையும் பூட்டின மாதிரி ஆயிடுது. கொரோனா சமயத்துல ஜிங்க் 50 மாத்திரை ஊர் பூரா குடுத்தோம், ஒரு வாரம் பத்து நாள் போட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா நிறைய பேர் அதை நல்ல சத்து மாத்திரைன்னு நினைச்சு வருஷக்கணக்கா தானே வாங்கிப் போட்டுட்டிருக்காங்க. முடி கொட்டறதுக்குன்னு விக்கற மாத்திரையிலயும் அது இருக்கும், அட்டையைத் திருப்பிப் படிங்க. ஆபரேஷன் ஆனவங்களுக்குன்னு இருக்கற கணக்குல 8லேர்ந்து 15 மில்லிகிராம் ஜிங்க் போட்டா கூட ஒரு மில்லிகிராம் காப்பர் சேர்ந்தே போகணும்.

உங்க ஃபெரிட்டின், அதாவது உடம்புல இருக்கற இரும்பு ஸ்டாக்கைக் காட்டற நம்பர், 140 இருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. ஸ்டோர்ல வெச்சிருக்கற இரும்பை வெளிய எடுத்து மஜ்ஜைக்கு அனுப்பறதுக்கு செருலோபிளாஸ்மின் வேணும், அது வேலை செய்யறது காப்பரை வெச்சு. காப்பர் இல்லன்னா இரும்பு கல்லீரல்லயே உக்காந்துக்கும், ரிப்போர்ட்ல ஸ்டாக் இருக்குன்னு காட்டும், ஆனா மஜ்ஜைக்கு வந்து சேராது. நீங்க 3 மாசம் அயர்ன் போட்டும் ஏறாததுக்குக் காரணம் அதுவா இருக்கலாம்.

மஜ்ஜை எடுத்துப் பார்த்தா கூட சில சமயம் குழப்பும். காப்பர் குறைஞ்ச மஜ்ஜையும் நீங்க பயப்படற அந்த ரத்தப் புற்றுநோய்க்கு முந்தின நிலை, அதாவது எம்டிஎஸ் வியாதி மஜ்ஜையும் மைக்ரோஸ்கோப்புல கிட்டத்தட்ட ஒண்ணு போல தெரியும், காப்பர் பார்க்காம எம்டிஎஸ்னு முடிவு பண்ணி அப்புறம் திருத்திக்கிட்ட கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல நிறையவே பதிவாகியிருக்கு. அதனாலதான் காப்பரை முதல்ல பாருங்கன்னு அழுத்திச் சொல்றேன். லெட்டரைப் படிச்சு உங்களுக்கு இதேதான்னு நான் அடிச்சு சொல்ல மாட்டேன், காப்பர் நார்மல்னு வந்துட்டா தயங்காம மஜ்ஜை டெஸ்ட்டுக்குப் போங்க.

லேப்ல ஒரு விஷயம் கேட்டுக்கணும். சாதாரண ட்யூப்ல எடுத்தா வெளியிலேர்ந்து உலோகம் கலந்து ரிசல்ட் தப்பா வரும், இதுக்குன்னு அடர்நீல மூடி போட்ட ட்யூப் இருக்கு. காய்ச்சல், இன்ஃபெக்‌ஷன் இருக்கும்போதும், கர்ப்பத்துலயும், ஹார்மோன் மாத்திரை போடும்போதும் காப்பர் அளவு உசந்து நார்மல் மாதிரி ஏமாத்தும், அந்த சமயம் எடுத்த ரிப்போர்ட்டை வெச்சு முடிவு பண்ணக் கூடாது.

காப்பர் கம்மின்னு வந்தா ஜிங்க்கை நிறுத்தி, காப்பரை மாத்திரையாவோ ரொம்ப மோசமா இருந்தா ட்ரிப்ஸாவோ குடுப்பாங்க. அணுக்கள் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள பெரும்பாலும் நார்மலுக்கு வந்துடும். எனக்குக் கவலை உங்க கால்தான். காப்பர் குறைஞ்சா ரத்தம் மட்டுமில்ல, தண்டுவடமும் கெடும், பாதம் மரத்துப் போறது அதனாலயும் இருக்கலாம். தண்டுவடத்துல ஏற்பட்ட சேதம் மேல போகாம நிக்கும், கொஞ்சம் தேறும், ஆனா பல பேருக்கு முழுசா திரும்பாது, அதனாலதான் நாள் கடத்தாதீங்கங்கறேன். என்கிட்ட வந்த ஒரு அம்மா ஒத்தைக் கால் செருப்போட ஓபிக்குள்ள நடந்து வந்தாங்க, இன்னொண்ணு எங்கம்மான்னு கேட்டா குனிஞ்சு பார்த்துட்டுத்தான் அவங்களுக்கே தெரியுது, வராண்டாவுல கழண்டு கிடந்துச்சு. காலைல வாஷ்பேசின்ல முகம் கழுவ கண்ணை மூடினா முன்னாடி சாயற மாதிரி இருக்கா? செருப்பு கழண்டா தெரியுதா? இருட்டுல நடக்க சுவரைப் பிடிக்கறீங்களா? இதுல ஒண்ணு இருந்தாலும் இந்த வாரமே நரம்பு டாக்டரையும் பாருங்க. வெள்ளை அணு 2,400 இருக்கறப்ப 100.4 டிகிரி காய்ச்சல் அடிச்சா மெடிக்கல் ஷாப் மாத்திரையோட நிக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும்.

காப்பர்னு சொன்னதும் செம்புச் சொம்புல தண்ணி ஊத்தி வெச்சுக் குடிக்கலாமான்னு வீட்ல சொல்வாங்க. குடிங்க, தப்பில்ல, ஆனா அதுல எவ்வளவு இறங்குதுன்னு தண்ணியையும் நேரத்தையும் பொறுத்து மாறும், அதை மருந்தா கணக்கு வைக்க முடியாது. ஈயம் பூசாத செம்புல புளிக்குழம்பு, மோர் வெக்காதீங்க. எள்ளு, முந்திரி, பருப்பு வகை, சாப்பிடறவங்கன்னா ஆட்டு ஈரல், இதுல எல்லாம் காப்பர் இருக்கு, மாத்திரையோட சேர்த்து சாப்பிடுங்க.

திருப்பூர் வாசகி, வயது 34: ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி 11 மாசம். ஹீமோகுளோபின் 9.4, எம்சிவி 70, ப்ளேட்லெட் 5.3 லட்சம். ப்ளேட்லெட் இவ்வளவு ஏறினா ரத்தம் உறைஞ்சுடும்னு யூட்யூப்ல பார்த்தேன், பயமா இருக்கு. பனியன் கம்பெனில செக்கிங்ல நின்னுட்டே வேலை. சொல்ல வெக்கமா இருக்கு, அரிசி ஊற வைக்கறப்ப எல்லாம் ஒரு கைப்பிடி பச்சையா மென்னுடறேன், நிறுத்த முடியல.

பதில்: வெக்கப்படறதுக்கு இதுல ஒண்ணுமே இல்ல கண்ணு. பச்சரிசி, பலப்பம், விபூதி, செம்மண், ஐஸ் கட்டி, இதெல்லாம் திங்கணும்னு தோணறது இரும்புச்சத்து குறைஞ்சவங்களுக்கு வர்ற ஒரு அறிகுறி. ஓபில நான் கேட்காம யாரும் சொல்றதில்ல, கேட்டா பாதி பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஆமாங்கறாங்க. இரும்பு ஏற ஆரம்பிச்சா பெரும்பாலும் தானா விட்டுடும், அதுவும் ஹீமோகுளோபின் ஏறறதுக்கு முன்னாடியே.

ப்ளேட்லெட்டுக்கும் காரணம் அநேகமா அதேதான். இரும்பு குறையும்போது மஜ்ஜை ப்ளேட்லெட்டை கொஞ்சம் கூடவே தயாரிக்கும், இரும்பு குடுத்தா இறங்கிடும். எம்சிவிங்கறது சிவப்பணுவோட சைஸ், 80லேர்ந்து 100 வரைக்கும் இருக்கணும், உங்களுக்கு 70, அணு சின்னதா இருக்கு. ஆனா ஃபெரிட்டின் பார்க்காம அயர்ன் ஆரம்பிக்காதீங்க, அதோட டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்துல ஓடற இரும்பு எவ்வளவுன்னு காட்டற டெஸ்ட்) எடுங்க. ஃபெரிட்டின் 30க்குக் கீழ இருந்தா சந்தேகமே வேணாம். ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த பழைய ரிப்போர்ட்டையும் தேடுங்க, அப்பவே எம்சிவி 70 இருந்திருந்தா தலசீமியா மைனரா இருக்கலாம், அது பிறவியிலேயே வர்றது, அதுக்கு அயர்ன் போட்டு அணு சைஸ் ஏறாது, வேற டெஸ்ட் இருக்கு.

ஸ்லீவ்ல குடலை மாத்தறதில்லையே, அப்புறம் ஏன்னு கேட்பீங்க. இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துடறாங்க, அதோட ஆசிட் சுரக்கற இடமும் போகுது. கீரையிலயும் ராகியிலயும் இருக்கற இரும்பு ஆசிட் பட்டாத்தான் உடம்பு எடுத்துக்கற ரூபத்துக்கு மாறும். சாப்பாட்டு அளவும் ரெண்டு இட்லிக்கு மேல போகாது. வெயிட் குறைஞ்சதும் பிசிஓடி இருந்தவங்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கா வர ஆரம்பிக்கும், அது நல்லது, ஆனா மாசாமாசம் ரத்தம் போகுதுல்ல.

மாத்திரை எப்படி போடறீங்கன்னு நீங்க எழுதல. கம்பெனில 11 மணி டீயோட போடறீங்களா? டீ காபியில இருக்கற துவர்ப்பு இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும், ஒரு மணி நேரம் முன்னாடியும் ரெண்டு மணி நேரம் பின்னாடியும் டீ வேணாம். கால்சியம் மாத்திரையும் பாலும் கூடாது, இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவுல 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்க. என்னோட பேஷன்ட்ஸுக்கு நான் சொல்றது, அயர்ன் ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ கூட, கால்சியம் காலைலயும் மத்தியானமும். மாதவிலக்கு ஆகற பெண்கள் ஆபரேஷனுக்கு அப்புறம் குறைவு வராம இருக்கவே தினமும் 45லேர்ந்து 60 மில்லிகிராம் எலிமென்டல் இரும்பு (மாத்திரைக்குள்ள இருக்கற அசல் இரும்போட அளவு) எடுக்கணும், குறைஞ்சுட்டா அதுக்கு மேல. மெல்ல மெல்லக் கரையும், வயித்தைப் புரட்டாதுன்னு விக்கற ஸ்லோ ரிலீஸ் மாத்திரை வேணாம், அது கரையறதுக்குள்ள இரும்பு உறிஞ்சற இடத்தைத் தாண்டிடும். ரெண்டு மாசம் ஒழுங்கா போட்டும் ஏறலன்னா மாத்திரையை மாத்தி மாத்திப் போட்டுட்டிருக்காம நரம்பு வழியா இரும்பு ஏத்திக்கோங்க. ட்ரிப்ஸ்னா ரத்தம் ஏத்தறதுன்னு நினைச்சு பயப்படறாங்க, இது வேற, ஆஸ்பத்திரில வெச்சு ஒண்ணு ரெண்டு தடவையில முடிஞ்சுடும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ்ங்கற இரும்பு மருந்தை ஏத்தினாங்கன்னா பாஸ்பேட் குறையலாம், ரெண்டு வாரத்துல உடம்பு வலி, பலவீனம் கூடினா அதைச் சொல்லி டெஸ்ட் எடுங்க.

திருச்சி வாசகர்: என் மனைவிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி வெள்ளை அணு 10,200, ஒரு வருஷம் கழிச்சு இப்ப 5,600. பாதியா குறைஞ்சிருக்கே, எதிர்ப்பு சக்தி போயிடுச்சா?

பதில்: இல்லீங்க. உடம்புல கொழுப்பு அதிகம் இருக்கும்போது உள்ளுக்குள்ள ஒரு லேசான அழற்சி ஓடிட்டே இருக்கும், அதனால வெள்ளை அணு எப்பவும் கொஞ்சம் உசரத்துல நிக்கும். வெயிட் குறைஞ்சதும் அது அடங்குது. 4,000லேர்ந்து 11,000 வரைக்கும் நார்மல், 5,600 நல்ல எண்ணிக்கை. 4,000க்குக் கீழ போனாலோ, கூடவே ஹீமோகுளோபினும் இறங்கினாலோ எனக்கு எழுதுங்க.

மதுரை வாசகர், வயது 52: பைபாஸ் ஆகி 3 வருஷம். சுத்த சைவம். மெட்ஃபார்மின், பேன்டோபிரசோல் ரெண்டும் போடறேன். ஹீமோகுளோபின் 11.1, எம்சிவி 109. பி12 பார்த்தா 290, லேப்காரங்க நார்மல்னு அடிச்சிருக்காங்க. ஃபோலிக் ஆசிட் 5 எழுதிக் குடுத்தாங்க, கொஞ்சம் தேவலை. நெருப்புல கால் வெச்ச மாதிரி ராத்திரில எரியுது, அது சுகராலன்னு சொல்றாங்க.

பதில்: உங்களுக்கு பி12 குறையறதுக்கு நாலு காரணம் ஒரே ஆள்கிட்ட சேர்ந்திருக்கு. சைவம், பைபாஸ், மெட்ஃபார்மின், ஆசிட் குறைக்கற மாத்திரை. 290ங்கறது இருக்கா இல்லையான்னு சொல்ல முடியாத நடுவாந்தர நம்பர். எம்சிவி 109, கால் எரிச்சல், இதோட பார்க்கும்போது நான் அதை நார்மல்னு எடுத்துக்கவே மாட்டேன். பி12 குறைஞ்சா ரத்தத்துல ஏறற ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் ஆசிட் ரெண்டையும் பார்த்தா தெளிவாயிடும், அந்த டெஸ்ட் கிடைக்கலன்னா காத்திருக்க வேணாம், ரத்தத்தை எடுத்து வெச்சுட்டு ஊசியை ஆரம்பிச்சுடலாம். ஊசி போட்டுட்டு அப்புறம் பி12 டெஸ்ட் எடுத்தா நம்பர் எகிறித்தான் இருக்கும், அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஃபோலிக் ஆசிட் மட்டும் போட்டது எனக்கு மனசுக்கு சரியாப் படல. பி12 குறைஞ்சவங்களுக்கு ஃபோலிக் ஆசிட் குடுத்தா ரத்தம் ஏறும், ரிப்போர்ட் அழகாயிடும், ஆனா நரம்பு கெடறது நிக்காது, சொல்லப் போனா ரத்தம் சரியாயிட்டதால யாரும் நரம்பைத் தேடவும் மாட்டாங்க. நீங்க "கொஞ்சம் தேவலை"ன்னு எழுதியிருக்கற இடத்துலதான் எனக்கு பயம்.

இரைப்பைக்கும் பி12க்கும் என்ன சம்பந்தம்னு கண்டுபிடிச்ச கதை எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை, இங்க சொல்லிடறேன். 1920கள்ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல வில்லியம் காஸில்னு ஒரு டாக்டர். ரத்தம் ஊறாத ஒரு வகை சோகைக்கு ஈரல் சாப்பிடக் குடுத்தா பிழைச்சுக்கறாங்கன்னு மைனாட், மர்ஃபி ரெண்டு பேரும் 1926ல சொல்லியிருந்தாங்க. நம்மளை மாதிரி ஆளுக்கு சாதாரண இறைச்சியே போதும்போது இவங்களுக்கு மட்டும் ஏன் அவ்வளவு ஈரல் வேணும்னு காஸில் யோசிச்சார். அவரே அரைவேக்காட்டு மாட்டிறைச்சியை சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு தன் வயித்துலேர்ந்து அதை வெளிய எடுத்து, பக்குவப்படுத்தி, குழாய் வழியா அந்த நோயாளிகளுக்குக் குடுத்தார். வெறும் இறைச்சி குடுத்தப்ப ஏறாத ரத்தம் இப்ப ஏற ஆரம்பிச்சுது. நல்ல இரைப்பைல சுரக்கற ஏதோ ஒண்ணு கூட சேர்ந்தாத்தான் சாப்பாட்டுல இருக்கற சத்து உள்ள போகுதுன்னு புரிஞ்சுது, அதுக்குப் பேர்தான் இன்ட்ரின்சிக் ஃபேக்டர். உங்க பைபாஸ்ல சாப்பாடு தொடாம போறது அது சுரக்கற இடத்தைத்தான். கல்லீரல்ல ரெண்டு மூணு வருஷத்துக்கு பி12 ஸ்டாக் இருக்கும், அது தீர்ற நேரத்துலதான் நீங்க எனக்கு எழுதியிருக்கீங்க.

ஊசியா மாத்திரையான்னு அடுத்து கேட்பீங்க. நரம்பு பாதிப்பு இருக்கறதால முதல்ல ஊசி, சில வாரம் அடிக்கடி போட்டுட்டு அப்புறம் மாசம் ஒண்ணு 1000 மைக்ரோகிராம். ஊசி வேணாம்ங்கறவங்க பிற்பாடு தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை போடலாம், அதுல நூத்துல ஒரு பங்கு இன்ட்ரின்சிக் ஃபேக்டர் இல்லாமலே உள்ள போயிடும், அது போதும், ஆனா ஒரு நாளும் விடக் கூடாது. மெடிக்கல்ல "நரம்பு ஊசி"ன்னு கேட்டா எதை வேணா குடுப்பாங்க, அட்டையில பி12 எவ்வளவுன்னு பார்த்து வாங்குங்க. தைராய்டும் பார்த்துடுங்க, குடிப்பழக்கம் இருந்தா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, ரெண்டும் எம்சிவியை ஏத்தும். பேன்டோபிரசோல் இன்னும் தேவையான்னு ஆபரேஷன் பண்ண டாக்டரைக் கேளுங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய்: என்ர மகளுக்குப் போன வருசம் கொழும்பில பைபாஸ் செய்தது. ஒன்றரை வருசத்துக்குப் பிள்ளை வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர், ஆனா பத்து மாசத்திலேயே தங்கிட்டுது, இப்ப நாலு மாசம். ஹீமோகுளோபின் 9.6. இரும்புக் குளிசை போட்டாச் சத்தி வருது எண்டு போடுறாளில்லை. நான் ஒவ்வொரு நாளும் பாணில மார்மைட் பூசிக் குடுக்கிறன், அது ரத்தம் ஊற வைக்கும் எண்டு அம்மம்மா காலத்தில இருந்து சொல்லுறது, உண்மைதானோ?

பதில்: அம்மா, உங்க அம்மம்மா சொன்னதுல உண்மை இருக்கு. 1928ல லூசி வில்ஸ்னு ஒரு இங்கிலாந்து டாக்டரம்மா மும்பைக்கு வந்து, பருத்தி மில்லுல வேலை செஞ்ச கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு ரத்தசோகை வருதுன்னு தேடினாங்க. ஈஸ்ட்லேர்ந்து செஞ்ச அந்த மார்மைட்டைக் குடுத்துத்தான் அவங்க குணமாக்கிக் காட்டினாங்க. அதுல இருந்த சத்து என்னன்னு பிற்பாடு தெரிஞ்சுது, அதுதான் ஃபோலேட். ஆனா உங்க மகளுக்கு ஃபோலேட் ஒண்ணு மட்டும் குறைவா இருக்காது, இரும்பு, பி12 எல்லாம் சேர்ந்துதான் குறையும், குழந்தைக்கும் அது போகணும். மார்மைட் குடுங்க, அதை நம்பி மருந்தை விட்டுடாதீங்க. குளிசை ஒத்துக்கலன்னா நாலாம் மாசத்துல நரம்பு வழியா இரும்பு ஏத்தலாம், முதல் மூணு மாசம்தான் ஏத்த மாட்டாங்க, அது தாண்டிட்டீங்க.

சத்தி எவ்வளவு எடுக்கறாங்கன்னு கவனிங்க. தினமும் வாந்தி, சாப்பாடு தங்கவே இல்லன்னா பி1 வேகமா குறையும், கண் ஆட்டம், தடுமாற்றம், மறதின்னு மூளையைத் தொடும். ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்தறதுக்கு முன்னாடி பி1 ஊசி போடுங்கன்னு நீங்களே ஞாபகப்படுத்துங்க. ஆறாம் மாசத்துல சுகருக்கு குளுக்கோஸ் தண்ணி குடிக்கச் சொல்வாங்க, பைபாஸ் ஆனவங்களுக்கு அது குடிச்ச உடனே படபடப்பு, வேர்வை, மயக்கம் வரலாம், வீட்லயே ஒரு வாரம் மெஷின்ல பார்த்துக் குடுக்கறோம்னு கேளுங்க. வயித்து வலி திடீர்னு பலமா வந்தா கர்ப்ப வலின்னு வீட்ல வெச்சிருக்கவே கூடாது, பைபாஸ் ஆனவங்களுக்குக் குடல் உள்ளுக்குள்ள மாட்டிக்கலாம், சர்ஜன் இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே போங்க. மகளைத் திட்டாதீங்க அம்மா, தங்கிட்டுது, நல்லபடியாப் பெத்தெடுக்க வழி இருக்கு, கிளினிக்குல ஒவ்வொரு மூணு மாசமும் ரத்தம் முழுசா பார்க்கச் சொல்லுங்க.

நெல்லை வாசகர்: பைபாஸ் ஆகி 2 வருஷம், மலம் கறுப்பா போகுது. அயர்ன் மாத்திரைனால அப்படித்தான் இருக்கும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக் போடறேன்.

பதில்: அயர்ன் போட்டா கறுப்பாத்தான் போகும், ஆனா கெட்டியா, சாதாரணமா இருக்கும். தார் மாதிரி பிசுபிசுன்னு, ஒரு மாதிரி நாத்தத்தோட போனா அது ரத்தம். அந்த வலி மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க. பைபாஸ்ல சின்னப் பையும் குடலும் சேர்ற இடத்துல புண்ணு வர்றதுக்கு முக்கியமான காரணம் இந்த வகை வலி மாத்திரையும் சிகரெட்டும்தான். பாரசிட்டமால் போடலாம். ஹீமோகுளோபின் பார்த்துட்டு எண்டோஸ்கோபிக்குப் போங்க, தலை சுத்தல் இருந்தா இப்பவே கிளம்புங்க.

சேலம் வாசகி: ஆபரேஷன் பண்ணி 6 வருஷம் ஆச்சு, நல்லா இருக்கேன், வெயிட் ஏறல. முதல் வருஷத்தோட செக்கப் போறதை விட்டுட்டேன், மாத்திரையும் விட்டுட்டேன். உங்க போன இதழ் படிச்சதும் பயம் வந்துடுச்சு. என்னென்ன டெஸ்ட் எடுக்கணும்?

பதில்: நல்லா இருக்கறப்பவே கேட்டீங்களே, அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும். முதல் வருஷம் 3, 6, 12ஆம் மாசம், அப்புறம் வாழ்நாள் பூரா வருஷத்துக்கு ஒரு தடவ பார்க்கணும். லேப்ல வெறும் ஹீமோகுளோபின் போதும்னு சொன்னா விடாதீங்க, முழு சிபிசி (எல்லா ரத்த அணுக்களோட எண்ணிக்கை), ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், பி12, ஃபோலேட், விட்டமின் டி, கால்சியம், அல்புமின், பிடிஹெச் (கால்சியத்தை ஒழுங்கு பண்ற ஹார்மோன்), அதோட பைபாஸா இருந்தா காப்பர், ஜிங்க். 6 வருஷமா மாத்திரை இல்லாம இருக்கறதால நான் உங்களுக்கு எல்லாத்தையும் ஒரே தடவையில பார்க்கச் சொல்வேன். ரிசல்ட் வந்ததும் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கணும், எதுல குறைவு இருக்கோ அதுக்குத் தனியா டோஸ் கூட்டுவாங்க.

இன்னொண்ணு, நீங்க "ஆபரேஷன்"னு மட்டும் எழுதியிருக்கீங்க, ஸ்லீவா, பைபாஸா, மினி பைபாஸான்னு எழுதல. இது உங்க தப்பில்ல, நிறைய பேருக்குத் தெரியாது, என்கிட்ட வர்ற பைல்லயும் பாதியில "வெயிட் குறைக்கற சர்ஜரி"ன்னுதான் இருக்கும். ஆனா எந்த இடத்தை வெட்டினாங்க, குடல்ல எத்தனை சென்டிமீட்டரை ஒதுக்கினாங்கன்னு தெரிஞ்சாத்தான் எது குறையும்னு சொல்ல முடியும். பீரோவுல டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கான்னு தேடுங்க, இல்லன்னா ஆபரேஷன் பண்ண இடத்துல ரெக்கார்ட் செக்‌ஷன்ல கேட்டு ஒரு காப்பி வாங்குங்க, அதைப் போட்டோ எடுத்து உங்க போன்லயும் வீட்டுக்காரர் போன்லயும் வெச்சுக்கோங்க. பிற்பாடு வேற எதுக்காவது மயக்க மருந்து குடுக்கற மாதிரி வந்தா அனஸ்தீஷியா டாக்டர்கிட்ட அதைக் காட்டி பி12 இன்னும் பார்க்கலன்னு சொல்லுங்க, நைட்ரஸ் ஆக்சைடுன்னு ஒரு வாயு குடுப்பாங்க, அது உடம்புல மிச்சம் இருக்கற பி12ஐயும் செயலிழக்க வெச்சுடும். அவங்ககிட்ட வேற மருந்து இருக்கு. ரிசல்ட் வந்ததும் சம்மரியோட சேர்த்து எனக்கு அனுப்புங்க, நான் பார்க்கறேன்.